ஒரு கற்றை முடி, இரண்டு படகு

மூன்று முறை தட்டினாள் மிசாவோ. நான்கு முறை கேட்டது.

அசானகி என்ற படகின் மேல்தளத்தில் மண்டியிட்டு, சின்னக் கொட்டாப்புளியால் ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள். பழைய பாய்ப்படகு வாங்க வருகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். பலகை நன்றாக இருந்தால் டண்ணென்று எழும். உள்ளே தண்ணீர் இறங்கி உளுத்துப் போயிருந்தால் ஈரத்துணி மூட்டையில் அடித்த மாதிரி தொப்பென்று விழும். டண், டண், டண். மூன்றும் நல்ல ஒலி. கை நின்ற பிறகு, அதே தாளத்தில், அதே இடைவெளி விட்டு, நான்காவதாக ஒன்று. அது இந்தப் படகில் எழுந்ததல்ல. பக்கத்தில் உரசிக்கொண்டு நின்ற யூனகியின் உள்ளிருந்து வந்தது.

மூடுபனி ஒலியைத் திருப்பி அனுப்பும் என்று சொல்லிக்கொண்டாள். செர்ரிப் பூ உதிர்ந்த வாரம் அது. அந்த உள்கடலில் அந்த வாரத்தில் பனி இறங்கினால் எதிர்த்தீவு மட்டுமல்ல, கையில் பிடித்திருக்கும் கயிற்றின் மறுமுனையும் காணாமல் போகும். பயப்படாதீர்கள், பகல்தான். பதினோரு மணி. வெளுத்த, பால் போன்ற, ஈரமான பகல்.

"என்ன வீட்டுக்காரம்மா, செத்த படகுக்கு நாடி பாக்குறீங்களா?"

மிதவை மேடையில் நின்றுகொண்டு கேட்டவர் இசோகை. படகுப் பட்டறைக்காரர், ஐம்பது வயது. இந்த இரண்டு படகையும் நாற்பத்திரண்டு வருடம் முன்னால் ஒரே மழைக்காலத்தில் கட்டியவர் அவருடைய அப்பா.

"எந்த வீட்டுக்கு நான் வீட்டுக்காரம்மா, இசோகைசான்? வீட்டைத்தான் வித்தாச்சே. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"சரி, மிசாவோசான். கோவிச்சுக்காதீங்க."

மிசாவோவுக்கு ஐம்பத்தொன்பது வயது. புருஷன் தெய்ஸோ செத்துப்போய் மூன்று வருடம் ஆகிறது. இருபத்தெட்டு வருடம் அவனோடு படகில் சுற்றினாள்; சோறாக்கினாள், கயிறு கட்டினாள், நங்கூரம் இழுத்தாள். சுக்கான்பிடியை மட்டும் ஒரு நாள், ஒரு நாழிகைகூட அவன் அவள் கையில் தந்ததில்லை. அவன் போனதும் அந்தப் படகை அவனுடைய அண்ணன் விற்றுவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு படகு வேண்டும். தனியாக ஏறி, தனியாக ஓட்டி, தீவு தீவாகப் போய்ப் படகிலேயே வாழ வேண்டும். இல்லையென்றால் ஒகயாமாவில் தங்கை ஃபுமியே வீட்டுப் பின்கட்டில் நாலரைப் பாய் விரிக்கிற அறை ஒன்று காத்திருக்கிறது. சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

பட்டறையை இசோகை இழுத்து மூடப்போகிறார். அவரிடம் விற்க இந்த இரண்டுதான் மிச்சம். இரண்டில் எதை மிசாவோ வேண்டாம் என்கிறாளோ அது திங்கட்கிழமை ரம்பத்துக்குப் போகும்.

"ஆமா, நீங்க ஏன் ஏறல? காலைலேருந்து மேடையிலேயே நிக்குறீங்க."

"முட்டி வலி."

"நேத்து பட்டறைக் கூரையில ஏறி நின்னப்போ முட்டி லீவுல போயிருந்துச்சா?"

இசோகை இரண்டு படகையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடையை ஒட்டி யூனகி. அதற்கு வெளிப்பக்கம், கடலைப் பார்த்து, அசானகி. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் ரப்பர் உருளைகள் நசுங்கிக் கீச்சிட்டன. மூக்கிலும் வாலிலுமாக நான்கு கயிறு. இரண்டு படகுக்கு நான்கு கயிறு போதும். ஆனால் ஒவ்வொன்றும் கப்பல் கட்டுகிற பருமன்.

"சொல்லிடறேன்," என்றார். "விக்கிறவன் மறைக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்வாரு. படகு கட்டினா பாய்மரத்தடியில ஃபுனதாமாவை வைப்போம், உங்களுக்கே தெரியும்."

தெரியும். படகுக்குள் குடியிருக்கிற அம்மன் அது. பாய்மரம் ஊன்றும் கட்டையில் குழி தோண்டி, காகிதப் பொம்மை இரண்டு, தாயக்கட்டை இரண்டு, ஐந்து தானியம், சில்லறை, அதோடு படகுக்காரனின் மனைவி தலையிலிருந்து வெட்டிய ஒரு கற்றை முடி. வைத்து ஆப்படித்து மூடிவிட்டால் படகுக்கு உயிர் வந்துவிடும்.

"இது ரெண்டும் அண்ணன் தம்பிக்குக் கட்டினது. அண்ணன் பொண்டாட்டி ஒரியேன்னு ஒருத்தி, அவ முடி குடுத்தா. தம்பிக்குக் கல்யாணம் ஆகல. நல்ல நாள், கடல் பெருசா ஏறுற நாள். அன்னைக்கு ரெண்டையும் தண்ணியில எறக்கலேன்னா அடுத்த ஏற்றத்துக்குப் பதினஞ்சு நாள் காத்திருக்கணும். எங்கப்பா அவசரப்பட்டு அந்த ஒரே கற்றையை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு படகுலயும் வச்சுட்டாரு. ஆயுசுல அவர் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்."

"அப்புறம்?"

"மறு வருஷம், இதே மாதிரி பனியில, அவ இதுலேருந்து அதுக்குத் தாண்டினா. ஒரு கால் இதுல, ஒரு கால் அதுல. எங்கேயோ போன கப்பலோட அலை வந்துச்சு. கட்டு விலகிச்சு, திரும்பச் சேந்துச்சு." உள்ளங்கை இரண்டையும் அவர் சேர்த்துக் காட்டினார். "உடம்பு கெடைக்கல. அவ உயிரும் பாதி பாதியா ரெண்டுலயும் இருக்குன்னு, அதுலேருந்து ரெண்டையும் பிரிச்சு நிறுத்தினதில்ல. நாளைக் காலைல மேட்டுக் கோயில் பூசாரி வந்து ரெண்டு முடியையும் எடுத்து ஒண்ணாச் சேத்துடுவாரு. அதுக்கப்புறம் எது வேணுமோ எடுத்துக்குங்க. அதுவரைக்கும் கயித்த அவுக்காதீங்க. பொம்பளை தனியா ஏறினாலே அம்மனுக்கு ஆகாதும்பாங்க..."

"ஆகாதுன்னு யாரு சொன்னது? அம்மனா, ஆம்பளைங்களா?"

இசோகை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் படகுத்துறை வரைக்கும் போய் இன்ஜின் பேட்டரி வந்துச்சான்னு பாத்துட்டு மூணு மணிக்கு வரேன். பாத்து வைங்க." பனி அவரை முழங்கால் வரை விழுங்கியது, பிறகு தோள் வரை, பிறகு செருப்புச் சத்தமும் இல்லை.

மிசாவோ நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தாள். இந்தப் பக்கம் அசானகி, காலையமைதி. அந்தப் பக்கம் யூனகி, மாலையமைதி.

அசானகி கனத்த படகு. அடிக்கட்டை மூக்கிலிருந்து சுக்கான் வரை ஒரே நீளமாக ஓடும். திரும்பச் சொன்னால் யோசித்துத்தான் திரும்பும். ஆனால் ஒரு திசையைக் காட்டிவிட்டுக் கையை எடுத்தால் அந்தத் திசையை மறக்காது. உள்ளே இருட்டு, நான்கே நான்கு வட்டச் சன்னல், மண்ணெண்ணெயும் பழங்கயிறும் கலந்த வாடை. பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பியில் ஓர் இழை அறுந்திருக்கிறது, மாற்ற வேண்டும். யூனகி லேசான படகு. அடிக்கட்டை குட்டை, ஆழம். விரல் வைத்தால் திரும்பும், விரலை எடுத்தால் தன் இஷ்டத்துக்கு ஓடும். உள்ளே நீளச் சன்னல், வெளிச்சம், இரண்டு அடுப்பு, பத்து வருடம் கூட ஆகாத இன்ஜின். ஆனால் அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் ஆணிகளைச் சுற்றி, தேநீர்க் கறை மாதிரி, துரு ஊறி வழிந்திருந்தது.

தெய்ஸோவாக இருந்தால் யூனகியைத்தான் சொல்வான். வேகம். அவனுக்கு வேகம்தான் படகு.

தனியாகப் போகிறவளுக்கு? பாயை மாற்றக் கையை எடுத்தே ஆக வேண்டும். கையை எடுத்தாலும் வழி மாறாத படகுதான் வேண்டும். அசானகியின் பெயருக்குக் கீழே கோடு போட்டாள். பேனா ஊன்றிக் காகிதம் கிழிந்தது. மனசுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

அசானகியின் உள்ளே, பாய்மரத்தடியில், மரத்துக்குள் அடைபட்ட சில்வண்டு போல, ரீ... ரீ... என்று தொடங்கியது. குனிந்து காதை வைத்தாள். நின்றது. நின்ற இடத்திலிருந்து அந்த ஒலியின் மிச்சப் பாதி யூனகிக்குள் எழுந்து முடிந்தது, ஒருத்தி தொடங்கிய பேச்சை இன்னொருத்தி முடித்துவைப்பது போல. படகம்மன் இப்படிக் கத்தினால் அன்றைக்கு யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். தெய்ஸோ ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு நான்கு நாள் துறைமுகத்திலேயே குடித்துக்கொண்டு கிடந்தான்.

"கத்து," என்றாள் மிசாவோ பாய்மரத்தைப் பார்த்து. "நானும் இருபத்தெட்டு வருஷம் உள்ளுக்குள்ள கத்தினவதான்."



ஒரு மணிக்குச் சோற்றுருண்டையைப் பிரித்தாள். உள்ளே வைத்திருந்த புளிப்பு உமேக்காய் ஊறுகாயைக் கடித்தும் நாக்கில் சுவை ஏறவில்லை. போன் அடித்தது. ஃபுமியே.

"அக்கா, என்னாச்சு? படகு உன்னப் பாத்து பயந்துச்சா, நீ படகப் பாத்து பயந்தியா?"

"ரெண்டும் இல்ல. ஒண்ணப் பிடிச்சுப்போச்சு."

"அறையைத் துடைச்சு வச்சிருக்கேன்க்கா. புது மெத்தை. இந்த வயசுல கடல்ல விழுந்தா யாரு தூக்குவா? போதும், வந்துடு."

"அந்த அறையில நீயே படுத்துத் தூங்கு, ஃபுமியே. கடல்காத்து இல்லாம எனக்குத் தூக்கம் வராது."

தங்கை ஏதோ சொல்லத் தொடங்கினாள். அந்தக் குரலுக்கு அடியில், போனில் அல்ல, வெளியே, மேல்தளத்தில், ஈரமான ஒன்று பலகையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். சப். மிசாவோ போனை அணைத்தாள். படியேறித் தலையை வெளியே நீட்டினாள்.

பனி இன்னும் நெருங்கியிருந்தது. பாய்மரத்தின் பாதிக்கு மேல் இல்லை. அசானகியின் விளிம்பில், யூனகியைப் பார்த்த பக்கத்தில், ஈரக் காலடி. வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன. மூக்கிலிருந்து தொடங்கி, ஓரடிக்கு ஒன்றாக, பின்பக்கம் நோக்கி ஐந்து அடி வந்து நின்றிருந்தது.

ஐந்தும் வலது கால்.

இசோகை ஏறினாரோ? நொண்டியடித்தா? ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டா? மிசாவோவின் கண் தானாக எதிரே போனது. யூனகியின் விளிம்பு. அங்கேயும் ஐந்து. அத்தனையும் இடது கால்.

ஒரு கால் இதில். ஒரு கால் அதில். நடுவே கறுத்த நீர்.

போனை எடுத்தாள்.

"இசோகைசான், எங்க இருக்கீங்க?"

"துறையில. பனியில எந்தக் கப்பலும் வரல. ஏன்? குரல் ஏன் இப்படி?"

"இங்க யாரோ ஏறியிருக்காங்க."

"எந்தப் படகுல இருக்கீங்க?"

"அசானகி."

"அங்கேயே இருங்க. இந்தப் பக்கம் தாண்டாதீங்க. கேக்குதா? நான் ஓடி வரேன். தாண்டவே தாண்டாதீங்க."

தாண்டாமல் கரைக்கு வழியில்லை. மேடை யூனகிக்கு அந்தப் பக்கம். அந்த ஒரு சாண் இடைவெளியில் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே வைத்துத்தான் போக வேண்டும். ஒரே ஒரு நொடி. அந்த நொடியில் நடந்ததுதான் ஒரியேவின் கதை.

சப்.

ஆறாவது காலடி. யாரும் இல்லை. வெறும் பலகையில் ஈரம் மட்டும் வந்து உட்கார்ந்தது. எதிரே யூனகியில் அதற்கு ஜோடி. சப்.

சுக்கான் பக்கத்தில், படகின் பின்கோடியில், மிசாவோ நின்றாள். காலடிகளின் விரல்கள் எல்லாம் அவளைப் பார்த்தே இருந்தன. வாடை முதலில் வந்தது: வற்றிய கரையில் சிப்பி அழுகும் வாடை, அதற்குள் பெண்கள் தலைக்குத் தேய்க்கிற கமேலியா எண்ணெய். நல்ல வாசனைதான். சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா, எனக்குப் போதும், என்று ஒரு கணம் நினைத்தாள். பின்கட்டு அறை. புது மெத்தை. பக்கத்து வீட்டுச் சுவர்.

அந்தச் சுவர் நினைவுக்கு வந்ததும்தான் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருடம் ஒருத்தன் கையை எடு, கையை எடு என்றான். அண்ணன்காரன் கேட்காமல் விற்றான். தங்கை மெத்தை போடுகிறாள். இப்போது செத்தவளும் வந்து நிற்கிறாள்.

"இது என் படகு," என்றாள் சத்தமாக.

சப். சப்.

தாண்ட முடியாது. ஆனால் அவிழ்க்கலாம்.

காலடிக்கு எதிராக, குனிந்து, கைப்பிடியைப் பற்றியபடி மூக்குப் பக்கம் ஓடினாள். அந்த ஈரம் இருந்த இடத்தைக் கடக்கும்போது வலது கன்னத்தில் மட்டும் சில்லென்றது. முதல் கயிறு. முடிச்சு நீரில் ஊறி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. அவிழ்ந்தது. இரண்டாவது. அவிழ்ந்தது. பின்பக்கம் திரும்ப ஓடி வந்தாள். மூன்றாவது. உள்ளே பாய்மரத்தடியில் ரீ என்று எழுந்தது. இம்முறை பாதியில் நிற்கவில்லை. இரண்டு படகிலும் ஒரே நேரத்தில். உயர்ந்துகொண்டே.

நான்காவது அவிழவில்லை. சோற்றுப் பையிலிருந்து சமையல் கத்தியை எடுத்து அறுத்தாள். இழை இழையாக. கடைசி இழை தானே வெடித்தது.

கடல் வற்றத் தொடங்கியிருந்தது. நீர் அசானகியை மெதுவாக, குழந்தையை இடுப்பிலிருந்து இறக்குவது போல, யூனகியிடமிருந்து பிரித்தது. ஒரு சாண். ஒரு முழம். மிசாவோ சுக்கான்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளங்கையில் மரம் வழுவழுவென்று, சூடாக இருந்தது. அவளுடையது. முதல் முறையாக.

நிமிர்ந்து பார்த்தாள்.

அசானகியின் விளிம்பில், அவளிடமிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஒரு கால் நின்றது. வெளிறிய வலது கால். விரல்கள் பலகையைக் கவ்வியிருந்தன. கெண்டைக்கால், முழங்கால், ஈரச் சேலைக்கட்டுப் போல் ஒட்டிய துணி, அதற்கு மேல் பனி. அவ்வளவு உயரம். இன்னொரு கால் இடைவெளிக்கு அப்பால், யூனகியின் விளிம்பில்.

இடைவெளி ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த அகலம், ஆனது. கால் எடுபடவில்லை.

இரண்டு பாகம். யூனகி பனிக்குள் மங்கியது. அந்தக் கால் அதோடு போனது. இந்தக் கால் இங்கேயே நின்றது.

கரைப் பக்கமிருந்து ஓடி வரும் செருப்புச் சத்தம். பிறகு இசோகையின் குரல், தேய்ந்து:

"மிசாவோசான்! நீங்க எங்க... இங்க ஒரு... இங்க ஒரு கால் மட்டும்..."

அதற்குப் பிறகு குரல் இல்லை.

அசானகி போய்க்கொண்டிருந்தது. திசை மாறாமல். கால்கள் அகல அகல, மேலே பனிக்குள் இருந்தது கீழே இறங்கத் தொடங்கியது. முதலில் முடி. ஒரு பக்கம் மட்டும். நீர் சொட்டச் சொட்ட, கமேலியா எண்ணெய் மணக்க. மறுபக்கம் தோலோடு வழித்த வெறும் தலை. பிறகு நெற்றி. பிறகு கண்.

மிசாவோவின் கை சுக்கான்பிடியை விடவில்லை.

"ஒண்ணு அந்தக் காலையும் எடுத்து இந்தப் பக்கம் வை," என்றாள். "இல்ல, இந்தக் காலை எடு. ரெண்டுல ஒண்ணு. உன் இஷ்டம். சுக்கானை மட்டும் கேக்காதே. யார் வந்தாலும் தரமாட்டேன்."

முகம் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. வாய் திறந்தது. உள்ளிருந்து ரீ என்று பாதி ஒலி எழுந்தது. மிச்சப் பாதி, வெகு தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத யூனகியிலிருந்து வந்து சேர்ந்தது.

மிசாவோ கண்ணை மூடவில்லை. அசானகி நேராகப் போய்க்கொண்டிருந்தது. பனிக்குள், பின்னால், யூனகியில் ஊன்றிய மறுகால் நீண்டுகொண்டே இருந்தது.